மோட்டார் காயில் (சுருள்) கம்பியைக் கொண்டு மின்சாரமும் காந்தமும் கற்கும் முறை

மின்சாரமும் காந்தமும் பாடநூலில் தனித்தனியாகத் தொடங்கினாலும், மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட மாணவருக்கு இரண்டும் ஒரே பாடமாகிவிடும். 1820இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் கண்டறிந்த அந்த உண்மையிலிருந்தே நாம் தொடங்குவோம்.

தேவையான பொருள்கள்

பெரிய டார்ச் லைட் செல் ஒன்று (1.5 வோல்ட், சாதாரண வகை), சிறிய திசைகாட்டி, மூன்று அங்குல இரும்பாணி, உப்புத்தாள், குண்டூசிகள், 26 கேஜ் செம்புக் கம்பி 3 மீட்டர். கும்பகோணம், மன்னார்குடி போன்ற டெல்டா ஊர்களில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் துண்டுக் கம்பி கிடைக்கும். நீர்மூழ்கி மோட்டாரின் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை தடிமனாக இருக்கும் என்பதால், மோனோபிளாக் மோட்டாருக்குரிய எனாமல் கம்பியையே கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பிளக்கையோ மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியையோ பைக் பேட்டரியையோ இந்தச் சோதனைகளுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

படி 1: முனைகளைச் சுரண்டுதல்

பெரும்பாலான மாணவர்களின் சோதனை தோற்பது இந்த இடத்தில்தான். பளபளக்கும் செம்பு நிறத்தைப் பார்த்து வெறும் கம்பி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அதன் மேல் மெல்லிய எனாமல் பூச்சு இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனைகளிலும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு, கம்பியைத் திருப்பித் திருப்பி, மினுமினுப்பு போய் வெளிர்ந்த இளஞ்சிவப்பு நிறம் தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள்.

படி 2: ஊசி திரும்புவதைக் காணுதல்

திசைகாட்டியை மேசையில் வைத்து, ஊசிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே கம்பியின் நேரான பகுதி வடக்குத் தெற்காகச் செல்லுமாறு பிடியுங்கள். மீதிக் கம்பியும் செல்லும் தள்ளியே இருக்கட்டும். முனைகளைச் செல்லில் மூன்று நொடிக்கு மேல் தொடவிடாதீர்கள், கம்பியும் செல்லும் சூடாகும்.

இந்தக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.3 ஓம். ஓம் விதிப்படி 1.5-ஐ 0.3-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர் வர வேண்டும். ஆனால் செல்லுக்கு உள்ளேயும் தடை இருப்பதால் அதைவிடக் குறைவாகவே பாயும். 2 ஆம்பியர் பாய்வதாகக் கொண்டால், ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உண்டாகும் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு). தஞ்சை வட்டாரத்தில் பூமியின் கிடைமட்டக் காந்தப்புலமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சம வலிமைகளுக்கு இடையில் ஊசி 45 பாகை அளவில் நிற்கும்! செல்லைத் திருப்பி இணைத்தால் ஊசி எதிர்ப்பக்கம் விலகும்.

படி 3: மின்காந்தம் செய்தல்

இரு முனைகளிலும் ஒரு சாண் விட்டு, மீதிக் கம்பியை ஆணியின் மேல் ஒரே திசையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். பாதியில் திசை மாறினால் ஒரு பாதியின் புலத்தை மறுபாதி அழித்துவிடும். சில நொடிகள் இணைத்தால் ஆணி குண்டூசிகளைத் தூக்கும். துண்டித்தால் அவற்றுள் பெரும்பாலானவை விழுந்துவிடும்.

எனாமல் எதற்கு என்பது இங்கே விளங்கும். பூச்சு இல்லாவிட்டால் மின்னோட்டம் சுற்றுகளின் வழியே போகாமல் ஒட்டியிருக்கும் செம்பில் குறுக்கே பாய்ந்துவிடும். குறுவைக் காலத்தில் லோ வோல்டேஜில் ஓடும் மோட்டார் புகைவதும் இதன் தொடர்ச்சியே: மின்னழுத்தம் குறைந்தாலும் இறைக்கும் வேலை குறையாததால் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடுகிறது. எனாமல் கருகுகிறது, சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கின்றன.

படி 4: காந்தத்திலிருந்து மின்சாரம்

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது இதன் மறுபக்கம். கம்பியை ஆணியிலிருந்து கழற்றி, சட்டக் காந்தம் நுழையும் அளவுள்ள காகிதக் குழாயில் சுற்றி, முனைகளைப் பள்ளி ஆய்வகக் கால்வனாமீட்டரில் (மிகச் சிறிய மின்னோட்டத்தையும் முள் அசைவால் காட்டும் கருவி) இணையுங்கள். காந்தத்தை உள்ளே செலுத்தும்போது முள் ஒரு பக்கமும், வெளியே இழுக்கும்போது மறுபக்கமும் அசையும். காந்தம் அசையாமல் இருந்தால் முள்ளும் அசையாது. டெல்டாப் பாசனத்துக்கு மேட்டூரில் திறக்கும் நீர் டர்பைன்களைச் சுழற்றி மின்சாரம் தருவதும் இதே மின்காந்தத் தூண்டலால்தான்.

அடுத்து, காந்தத்தை மெதுவாகவும் வேகமாகவும் செலுத்தி, முள் எத்தனை பிரிவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுற்றுகளை இரட்டிப்பாக்கி அதையே மீண்டும் செய்து, இரண்டு அளவீடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.