பைத்தானில் தசம ரேண்டம் எண்கள்: ரவுண்ட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

பைத்தானில் ஒரு ஃபைலை எழுதி ஓடவிடத் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

முதலில் ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள். அது பைத்தானோடே வருவதால் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதிலுள்ள ரேண்டம் ஃபங்ஷனை, அடைப்புக்குறிக்குள் எதுவும் தராமல் அழைத்தால் 0-இலிருந்து 1-க்குள் ஒரு தசம எண் கிடைக்கும். 0 வரலாம், 1 வரவே வராது.

வேறு எல்லை வேண்டுமென்றால் அதே மாட்யூலிலுள்ள யூனிஃபார்ம் ஃபங்ஷன். 5, 8 என்று கொடுத்தால் அந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எண் வரும். ரேண்டம் தந்ததை 3-ஆல் பெருக்கி 5-ஐக் கூட்டினாலும் இதேதான். ஆனால் நிரலைப் பார்த்ததுமே எல்லை புரிகிறது என்பதால் நான் யூனிஃபார்மைத்தான் பயன்படுத்துவேன்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த படியில். 0 முதல் 1 வரை, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும் என்று யூனிஃபார்ம் தந்ததை ரவுண்ட் செய்தேன். 100000 முறை ஓடவிட்டு எண்ணிப் பார்த்தால் 0.3, 0.7 எல்லாம் 10000-ஐ ஒட்டி வருகின்றன, 0.0-உம் 1.0-உம் மட்டும் 5000 பக்கத்திலேயே நிற்கின்றன. நிரலில் பிழை தேடி ஒரு மாலையே போனது. காகிதத்தில் ஒரு கோடு வரைந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது. 0.25 முதல் 0.35 வரை எது வந்தாலும் 0.3 ஆகிவிடும். 0.0 ஆவதற்கோ 0 முதல் 0.05 வரைதான் இடம். அதில் பாதிதான்! 1.0-க்கும் அதே கதி.

அதனால் ரவுண்டை விடுங்கள். ரேண்ட்இன்ட் ஃபங்ஷனுக்கு 0, 10 கொடுத்து, வரும் முழு எண்ணை 10-ஆல் வகுங்கள். பதினோரு விடைக்கும் சம வாய்ப்பு. இரண்டு இலக்கம் வேண்டுமானால் 0, 100 கொடுத்து 100-ஆல் வகுக்கலாம். வகுப்பதற்குப் பதில் 0.1-ஆல் பெருக்கிவிடாதீர்கள்: 3-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 0.30000000000000004 என்று வந்து நிற்கும், ஏனென்றால் 0.1-ஐ பைனரியில் துல்லியமாக எழுத முடியாது. 10-ஆல் வகுத்தால் 0.3 என்றே வரும்.

சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வர வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஸீட் ஃபங்ஷனுக்கு ஏதாவது ஓர் எண்ணைக் கொடுங்கள்.

கடவுச்சொல், ஓடிபி போன்றவற்றுக்கு இந்த மாட்யூலைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற, ரேண்டம் எண்களை உருவாக்கும் கணக்கு முறை. அது தரும் 32 பிட் எண்கள் தொடர்ந்து 624 கிடைத்தால் அடுத்து வருவதைக் கணக்கிட்டுவிடலாம். அங்கே, இதற்கென்றே பைத்தானில் உள்ள சீக்ரெட்ஸ் மாட்யூல்தான்.

பின்னர் சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு, ரேண்டம் மாட்யூலில் யூனிஃபார்மே இல்லை என்று எரர் வந்தது. அவர் தன் ஃபைலுக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்திருந்தார். பைத்தான் முதலில் அந்த ஃபோல்டரிலேயே தேடி, அவருடைய ஃபைலையே இம்போர்ட் செய்துவிட்டது. பெயரை மாற்றியதும் ஓடியது.