சிரியா உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்ணடியிலிருந்தும் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்கத் துபாய்க்குப் போய்வரும் பெற்றோர் ஏராளம். அங்கே ஒரு மாலையாவது சிரியா நாட்டு உணவகத்துக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். நம் பகுதியில் அரபு உணவு என்றதும் மந்திதான் நினைவுக்கு வருகிறது. மந்தி ஏமன் நாட்டுக்குரியது. சிரியாவின் சாப்பாட்டு முறை வேறு. அங்கே சோறு முதலிடம் பெறுவதில்லை; ரொட்டியும், அதைத் தொட்டுச் சாப்பிடுவதற்கென்று மேசை நிறையப் பரப்பப்படும் சிறு சிறு தட்டுகளுமே விருந்தைத் தொடங்கிவைக்கின்றன. அந்தச் சிறு தட்டுகளுக்கு மஸ்ஸே என்று பெயர். இதை அறியாமல் பிரியாணிக் கடையில் அமர்வதுபோல் அமர்ந்து, ஆளுக்கொரு தட்டு என்று கேட்டுவிட்டால், பாதி உணவு வீணாகும். எங்கள் குடும்பம் முதன்முறை போனபோது ஐந்து பேருக்கு ஐந்து கபாப் தட்டுகள் சொல்லிவிட்டோம். மஸ்ஸேயிலேயே வயிறு நிறைந்துவிட, மூன்று தட்டுகள் கைபடாமல் இருந்தன.

ஆகவே, எதையும் பொதுவில் வைத்துச் சாப்பிடுவதாக எண்ணிக்கொண்டே கேளுங்கள். நம் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் நான்கைந்து பேர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. சஹன் என்ற சொல்லே தட்டைக் குறிக்கும் அரபுச் சொல்தான். நான்கு பேர் போனால் குளிர்ந்த மஸ்ஸே மூன்று, சூடானது ஒன்று, கலவையான சுட்ட இறைச்சித் தட்டு ஒன்று போதும். இறைச்சியை முதலிலேயே சொல்லாமல், மஸ்ஸே பாதி தீர்ந்த பிறகு சொல்வது இன்னும் நல்லது. குறைந்தால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம்.

குளிர்ந்த மஸ்ஸேயில் ஹம்முஸைப் பலரும் அறிவார்கள்: வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு ஆகியவற்றுடன் மைய அரைத்து, நடுவில் குழித்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். ஆனால் நம் நாக்குக்கு உடனே பிடிபடுவது முத்தபல்தான். கத்தரிக்காயைத் தோல் கருகும்வரை தீயில் சுட்டு, உரித்து, மசித்து, எள் விழுதும் எலுமிச்சையும் பூண்டும் சேர்க்கிறார்கள். அந்தத் தட்டு வந்து இறங்கியதும் எங்கள் உம்மா ரொட்டித் துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துபார்த்து, "ஏன் வாப்பா, இது நம்ம வீட்டுச் சுட்ட கத்தரிக்காய்தானே?" என்று கேட்டார். கருகிய தோலின் வாசமும் எள்ளின் மணமும் அவருக்கு அந்த மேசையை வீட்டு மேசையாக்கிவிட்டன. மூன்றாவதாக முஹம்மராவைக் கேளுங்கள். அலெப்போ நகரின் பெயர்பெற்ற பண்டம் அது. சிவப்பு மிளகாய், அக்ரூட் பருப்பு, ரொட்டித்தூள் ஆகியவற்றை அரைத்து, மாதுளைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பாகு சேர்ப்பார்கள். காரம் மிதமாகவும், புளிப்பும் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாகவும் வரும். எள்ளோ பருப்பு வகைகளோ ஒவ்வாதவர்கள் இருந்தால் இந்த இடத்தில்தான் எச்சரிக்கை தேவை. முன்கூட்டியே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பிடும் முறை எளிது. இரண்டு அடுக்காகப் பிரியும் அந்த மெல்லிய ரொட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஓரங்களை மடித்துக் கரண்டிபோலக் குவித்து, தட்டின் உங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். கடித்த துண்டை மறுபடி தோய்க்கக் கூடாது. ஃபத்தூஷ் என்ற பச்சைக் காய்க் கலவையை மட்டும் கரண்டியால் உங்கள் தட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தூவியிருக்கும் கருஞ்சிவப்புத் தூள் சுமாக், மிளகாய் அன்று, புளிப்புக்காகச் சேர்ப்பது.

சூடானவற்றில் கிப்பே முக்கியமானது. உடைத்த கோதுமையையும் இறைச்சியையும் சேர்த்து இடித்த மாவுக்குள் கொத்திறைச்சியை வைத்துப் பொரித்திருப்பார்கள். கிப்பே நய்யே என்று பட்டியலில் கண்டால், அது பச்சை இறைச்சி என்பதை அறிந்து கேளுங்கள். பழக்கமில்லாத வயிற்றுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அலெப்போவின் செர்ரிப் பழக் கபாப் கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஷவர்மாவுடனும் சுட்ட கோழியுடனும் வரும் வெண்ணிறக் குழம்பைச் சிலர் மயோனைஸ் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இந்தக் குழம்பின் பெயர் தூம்; முறைப்படி செய்தால், பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு ஆகியவற்றை மட்டும் அடித்துச் செய்வது. முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குத் திராட்சை இலையில் அரிசி பொதிந்த யலஞ்சி உண்டு. இறைச்சி இருப்பதுபோல் தோன்றி இல்லாமலிருப்பதால், பொய்யன் என்ற பொருளுடைய துருக்கிச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. குடிப்பதற்கு, உப்பிட்ட மோராகிய அய்ரான் அல்லது தமர் ஹிந்தி. இரண்டாவதன் பொருள் "இந்தியப் பேரீச்சை". அது நம் புளியே. டமாஸ்கஸில் நோன்புக் காலத்தில் விரும்பிக் குடிக்கும் அந்தப் பானம், பானகம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

இனி ஷீஷா, அதாவது நீர் வழியே புகை இழுக்கும் ஹூக்கா. சிரியாவில் அதை அர்கீலே என்பார்கள். தேங்காயைக் குறிக்கும் நாரிகேளம் என்ற வடசொல்லே பாரசீகம் வழியாகப் போய் அப்படித் திரிந்தது, பழங்காலத்தில் தேங்காய்ச் சிரட்டையே அதன் நீர்க்கலமாக இருந்ததால். தமிழ்நாட்டில் ஹூக்கா கூடம் நடத்துவது குற்றம்: 2022இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தத்துக்கு 2023இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே சென்னையில் யாராவது மாடியில் தனியறை இருக்கிறது என்று அழைத்தால் மறுத்துவிடுங்கள். அனுமதியுள்ள ஊர்களில் பல உணவகங்கள் ஒரு பகுதியை ஷீஷாவுக்கென்று ஒதுக்கியிருக்கும். குழந்தைகளோ கர்ப்பிணிகளோ உடன் இருந்தால் மேசை பதிவு செய்யும்போதே புகையில்லாத குடும்பப் பகுதி வேண்டும் என்று கேட்க வேண்டும். உட்கார்ந்த பின் இடம் மாறுவது கடினம்.

பழ மணம் வீசுவதாலும் நீர் வழியே வருவதாலும் அந்தப் புகை தீங்கற்றது என்று நம் இளைஞர்கள் பலர் நம்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நீர் புகையைக் குளிரவைக்கிறதே தவிர நஞ்சை வடிகட்டுவதில்லை. ஒரு சிகரெட்டை ஏறத்தாழ 20 முறை இழுப்பவர், ஒரு மணி நேர ஷீஷாவில் ஏறத்தாழ 200 முறை இழுக்கிறார். கரித்துண்டிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இதனுடன் சேர்கிறது. உடன் வந்தவர் யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்துச் சென்று, சரியாகவில்லையென்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குழாயை யாராவது நீட்டினால், வலக்கையை நெஞ்சில் வைத்து "ஷுக்ரன்" (நன்றி) என்று மறுக்கலாம். யாரும் தவறாக எண்ணுவதில்லை.

பரிமாறுபவர் "சஹ்தைன்" என்று வாழ்த்தினால், இரட்டிப்பு நலம் உண்டாகட்டும் என்று பொருள். "அலா அல்பக்" என்று பதில் சொன்னால் அவர் முகம் மலரும். இனிப்பில் பக்லாவா ஒரு துண்டே ஒருவருக்குப் போதும். பூஸா கிடைத்தால் அதையும் கேளுங்கள்: மஸ்தகி பிசினும் சஹ்லப் கிழங்கு மாவும் சேர்த்து மர உலக்கையால் இடித்து, பிஸ்தா தூவித் தரும் பனிக்கூழ் அது, டமாஸ்கஸின் ஹமீதியா சந்தையில் இன்றும் அந்த இடிப்பைப் பார்க்கலாம். மீந்த கபாபையும் ரொட்டியையும் கட்டித் தரச் சொல்லுங்கள், மறுநாள் காலை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். ஃபத்தூஷை மட்டும் மேசையிலேயே முடித்துவிடுங்கள். அதிலுள்ள பொரித்த ரொட்டித் துண்டுகள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊறிக் குழைந்துவிடும்.