சொக்சோ இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பல்லாண்டு செம்பனைக் குலை வெட்டி, முதுகெலும்பு தேய்ந்து வீட்டில் முடங்கிவிட்ட ஒருவருக்கு, ‘பென்சன் இலாட்’ எனப்படும் இயலாமை ஓய்வூதியத்தை மறுத்து, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து மலாய்க் கடிதம் வந்தால், ‘கோர்ட்டுக்குப் போவோம்’ என்ற பேச்சே முதலில் எழுகிறது. அந்த உறுதி வேண்டும். ஆனால் உயர்நீதிமன்றம் இந்தப் பாதையின் கடைசிப் படியாகும்.

கடிதத்தை நன்கு மலாய் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, மறுப்புக்கான காரணத்தையும் தேதியையும் முதலில் கேட்டறியுங்கள். உடல்நிலை போதிய அளவு மோசமாக இல்லை என்று மருத்துவ வாரியம் முடிவு செய்திருந்தால், 90 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்திடம் முறையிட வேண்டும். நான் பார்த்த ஒரு லயன் வீட்டில் அக்கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் நான்கு மாதம் செருகிக் கிடந்தது. எடுத்துப் படித்தபோது கெடு தாண்டியிருந்தது.

சொக்சோவுக்கு மாதந்தோறும் செலுத்திய சந்தா போதவில்லை என்பது காரணமானால், அந்தத் தகராறு சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குரியது. பொதுவாக 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கேட்கப்பட்டாலும், அது இல்லாதவர்களுக்குச் சட்டத்தில் வேறு கணக்குகளும் உண்டு என்பதால், பழைய சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

மருத்துவ முறையீட்டில் வலியைவிட உழைப்புத் திறனே அளக்கப்படுகிறது. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, குணமாக வாய்ப்பில்லாத நோயால், நலமுள்ள தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாதவரே இயலாதவர். ஆகவே ‘முதுகு வலி’ என்ற இரண்டு சொற்களோடு நிற்கும் அறிக்கை உதவாது. அரிவாள் பொருத்திய நீளக் கம்பத்தை அண்ணாந்து பிடிக்க முடியவில்லை, 20 கிலோ குலையைத் தள்ளுவண்டியில் ஏற்ற முடியவில்லை, காவலாளி வேலைக்குப் போயும் ஒரு மணி நேரம் நிற்க இயலவில்லை என்பவற்றை அரசு மருத்துவமனையின் எலும்பு நிபுணரிடம் விளக்கமாகச் சொல்லி, அவை அறிக்கையில் இடம்பெறுமாறு கேளுங்கள்.

சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்பும் பாதகமானால், முக்கியமான சட்டக் கேள்வி எழும் வழக்கில் மட்டுமே உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சாட்சியங்களை நீதிபதி புதிதாக எடைபோடமாட்டார் என்பதால், எல்லா ஆவணங்களையும் வாரியத்திடமே கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள் தொழிற்சங்கத்தையோ ஈப்போவிலுள்ள சட்ட உதவி மையத்தையோ, கெடு நெருங்கும்வரை காத்திராமல், கடிதம் வந்த வாரத்திலேயே அணுகுவது நல்லது. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் எடுத்து, அதில் பெற்றுக்கொண்ட தேதியோடு அலுவலகச் சாப்பு (முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள்.