இறக்குமதியாகும் சிந்தெட்டிக் நெசவுத் துணிக்குச் சுங்கக் குறியீடு காண்பது எப்படி

இன்வாய்ஸில் ‘ஜார்ஜெட்’ என்றோ ‘டஃபெட்டா’ என்றோ எழுதியிருக்கும் பெயரை வைத்துக் குறியீட்டைத் தேடத் தொடங்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம். உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) எனும் சரக்குக் குறியீட்டு அட்டவணை துணியின் கட்டமைப்பையும் எடை விகிதத்தையும் கேட்கிறதே தவிர, அதன் வணிகப் பெயரைக் கேட்பதில்லை. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானவை; அதற்கு மேல் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்கிறது. எனவே துணி வகைகளுக்கான பதினொன்றாம் பிரிவின் குறிப்புகளையும் உரிய அத்தியாயங்களின் (முதல் இரண்டு இலக்கங்கள்) குறிப்புகளையும் படித்த பிறகே நான்கு இலக்கத் தலைப்பு எண்களுக்குப் போக வேண்டும்.

முதலில், துணி 54 (ஃபிலமென்ட் எனும் நீள் இழை), 55 (குட்டை இழை) ஆகிய அத்தியாயங்களுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். பின்னலாடைத் துணி 60ஆம் அத்தியாயத்துக்கும், நெய்யாத துணி 5603க்கும், வெல்வெட் போன்ற குச்சத் துணி 5801க்கும், இருபுறமும் கரையுடன் 30 செ.மீ.க்கு மிகாத அகலத்தில் நெய்த நாடா 5806க்கும் போய்விடும். இவற்றில் குழப்பம் அதிகமில்லை. குழப்பம் பூச்சில்தான் வருகிறது. பிளாஸ்டிக் பூசிய துணி 5903இல் அடங்கும். ஆனால் அந்தப் பூச்சு வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும், பூச்சினால் நிறம் மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 59ஆம் அத்தியாயத்தின் இரண்டாம் குறிப்பு சொல்கிறது. ஆகவே தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்தப்பட்டு, பார்வைக்குச் சாதாரணத் துணியாகவே இருக்கும் சிந்தெட்டிக் ஃபிலமென்ட் துணி, அதற்குரிய 5407ஐ விட்டு நகராது. பிளாஸ்டிக் படலத்தை ஒட்டித் தயாரித்த துணியின் நிலை வேறு: 2022 பதிப்பின்படி, வெட்டுமுகத்தில் படலம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது ஒட்டுத் துணியாகவே கருதப்படும். ஆகவே பூசியதா, ஒட்டியதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்தது இழையின் இனம். தமிழில் பாலியஸ்டரையும் விஸ்கோஸையும் ஒருசேரச் ‘செயற்கை இழை’ என்று சொல்லிவிடுகிறோம். அட்டவணை அவற்றைப் பிரிக்கிறது. வேதிப்பொருள்களைப் பலபடியாக்கிச் செய்யும் பாலியஸ்டர், நைலான் போன்றவை சிந்தெட்டிக். மரக்கூழ் போன்ற இயற்கைப் பொருளைக் கரைத்து இழையாக்கும் விஸ்கோஸ், அசிடேட் போன்றவை இன்னொரு வகை. அதன் பின் ஃபிலமென்டா, குட்டை இழையா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். துணியின் ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றையும் ஊடை நூல் ஒன்றையும் உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். இழைகள் நூலின் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடினால் அது ஃபிலமென்ட். சில சென்டிமீட்டர் நீளமுள்ள மயிர்களாக உதிர்ந்தால் குட்டை இழை. சிந்தெட்டிக் ஃபிலமென்ட் துணி 5407இலும், சிந்தெட்டிக் குட்டை இழைத் துணி 5512 முதல் 5515 வரையிலும் வரும்.

கலப்புத் துணியில் எடையால் மிகுந்திருக்கும் பொருளே வகையைத் தீர்மானிக்கிறது. ஆனால் 54, 55ஆம் அத்தியாயங்கள் இரண்டும் வேறோர் அத்தியாயத்துடன் போட்டியிடும்போது, அவ்விரண்டையும் ஒரே அத்தியாயமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்ற விதியைப் பலர் தவறவிடுகிறார்கள். பருத்தி 40 சதவீதம், பாலியஸ்டர் ஃபிலமென்ட் 35, விஸ்கோஸ் குட்டை இழை 25 என்று ஒரு துணி வருவதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் பருத்திதான் அதிகம், 52ஆம் அத்தியாயம் என்று தோன்றும். கூட்டிப் பார்த்தால் 35ம் 25ம் சேர்ந்து 60, பருத்தி தோற்றுவிடுகிறது. பின்னர் அந்த இரண்டுக்குள் ஃபிலமென்ட் மிகுதி என்பதால் தலைப்பு 5407. சிந்தெட்டிக் ஃபிலமென்ட் 85 சதவீதத்துக்குக் குறைவாகவும், உடன் கலந்தவற்றில் பருத்தி மிகுதியாகவும் இருப்பதால், சாயமிட்ட துணியானால் 5407.82.

ஆறு இலக்க உட்தலைப்பில் 85 சதவீதம்தான் எல்லைக்கோடு. பாலியஸ்டர் ஃபிலமென்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு: டெக்ஸ்சர்டு (சுருளாக்கி உப்பச் செய்த) ஃபிலமென்ட் 85 சதவீதத்தை எட்டினால் 5407.51 முதல் 5407.54 வரை, டெக்ஸ்சர்டு அல்லாதது 85 சதவீதத்தை எட்டினால் 5407.61. பாவு முழுவதும் டெக்ஸ்சர்டு அல்லாத நூல், ஊடை முழுவதும் டெக்ஸ்சர்டு நூல், எடை 55க்கு 45 என்றால், நூறு சதவீதம் பாலியஸ்டராக இருந்தும் இரண்டில் எதுவும் பொருந்தாது, 5407.69தான் இடம். ‘100% பாலியஸ்டர்’ என்று மட்டும் எழுதிய ஆய்வறிக்கை இதனால்தான் போதாது. நைலான் அல்லது பாலியஸ்டர் ஒற்றை நூலின் வலிமை ஒரு டெக்ஸுக்கு (ஒரு கிலோமீட்டர் நூலின் கிராம் எடை) 60 சென்டிநியூட்டனைத் தாண்டினால், அது உயர்வலிமை நூல். அதால் நெய்த துணி 5407.10க்குப் போகும்.

நிறத்தைப் பொறுத்தவரை, வெள்ளைச் சாயமிட்ட துணி வெளுத்த துணியாகவே கருதப்படும். பல நிற நூல்களால் நெய்து அதன் மேல் அச்சிட்டிருந்தால் அது அச்சிட்ட துணிதான். கரையில் ஓடும் வண்ண நூலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குட்டை இழைத் துணியில் சிந்தெட்டிக் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5512. அதற்குக் குறைந்து, முக்கியமாகவோ முழுமையாகவோ பருத்தியுடன் கலந்திருந்தால், சதுர மீட்டருக்கு 170 கிராம் வரை 5513, அதற்கு மேல் 5514. இவற்றில் பாலியஸ்டருக்குச் சாதா நெசவா, ட்வில் நெசவா என்பதும் உட்தலைப்பை மாற்றும். 5407க்கு ஆறு இலக்க அளவில் இந்த எடை தேவைப்படாது; தேவையில்லாத இடத்தில் ஜிஎஸ்எம்மை (சதுர மீட்டருக்கான கிராம் எடை) தேடி நேரத்தைச் செலவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பும்போது இழைவாரியான எடைச் சதவீதம், ஃபிலமென்டா குட்டை இழையா, டெக்ஸ்சர்டு பங்கு எவ்வளவு, நெசவு, சதுர மீட்டர் எடை, அகலம், பூச்சின் தன்மை ஆகிய அனைத்தையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆய்வுக்குப் பிறகும் இரண்டு தலைப்புகளுக்கு இடையே ஐயம் நின்றால், சரக்கு கப்பலேறும் முன்பே சுங்கத்திடம் முன்கூட்டிய தீர்ப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, அதே துணியிலிருந்து கரையுடன் வெட்டிய ஒரு துண்டை அறிக்கையுடன் இணைத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.