வெளியூர் போகும் வண்ணமீன்களுக்கு அமுக்கரா, பூண்டு உணவு

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரில் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் மீன்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தாலும், சில நாட்களில் வெண்புள்ளியோ துடுப்பு அழுகலோ வந்து மடிவதுண்டு. நெரிசலும் குலுக்கலும் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை ஏற்றி, நோய் எதிர்ப்புத் திறனைச் சரித்துவிடுகின்றன. மூலிகை உணவு அந்த அதிர்ச்சியைத் தாங்க உதவும். ஆனால் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். பை கட்டும் நாளில் கொடுத்துப் பயனில்லை.

தேவை: சிறு குருணை உணவு 100 கிராம், அமுக்கராக் (அசுவகந்தா) கிழங்குப் பொடி 1 கிராம், பூண்டுப் பொடி 1 கிராம், ஜெலட்டின் 2 கிராம், தண்ணீர் 20 மில்லி. கரண்டி அளவை நான் நம்புவதில்லை. 0.1 கிராம் வரை காட்டும் தராசு வாங்கிவிடுங்கள்.

1. வெந்நீரில் ஜெலட்டினைக் கரையுங்கள். என்னைப் படுத்தியெடுத்த இடம் இதுதான். சூடாக இருக்கும்போதே பூண்டைக் கலந்தால் அதன் வீரியம் போய்விடும். முழுக்க ஆறவிட்டால் கரைசல் கட்டிதட்டிவிடும். விரல் பொறுக்கும் வெதுவெதுப்பில் பொடிகளைக் கலந்து, உடனே உணவின் மேல் ஊற்றி, மூடிய டப்பாவில் குலுக்குங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வாடை எனக்கு ஆகாது.

2. வெயில் வேண்டாம். துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வடசென்னையின் கடல் ஈரத்தில் அரைகுறையாக உலர்ந்தது சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். நான்கைந்து குருணையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பொடி பிரிந்தால் தொட்டியும் கலங்கும், அம்மோனியாவும் ஏறும். தேறியதைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

3. தினம் ஒரு வேளை மட்டும் இது. மற்ற வேளைக்கு வழக்கமான உணவு.

4. பை கட்டுவதற்கு 24 மணி நேரம் முன்பு எல்லா உணவையும் நிறுத்துங்கள். வயிற்றில் இருப்பதெல்லாம் பைத் தண்ணீரில்தான் கழிவாகும். பையில் ஒரு பங்கு தண்ணீர், மூன்று பங்கு ஆக்சிஜன்.

5. பெறுபவரிடம் சொல்லிவையுங்கள்: பையைத் திறக்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட வேண்டும். திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி, பைத் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) ஏறி, அதில் சேர்ந்திருக்கும் அம்மோனியா கடும் நஞ்சாகும். அதனால் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும்.

பின்சேர்க்கை: பெரம்பூர் வாசகர் ஒருவர் தொட்டி கலங்குவதாக எழுதியிருந்தார். அவர் வாங்கியது அமுக்கராச் சூரணம். அதில் மிளகு, திப்பிலி, சுக்கோடு சர்க்கரையும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் ‘வெறும் கிழங்குப் பொடி’ என்று கேட்டு வாங்குங்கள்.