பிள்ளைக்கு ஓட்டிசமோ என்ற ஐயம் எழும்போது: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால் அதற்குக் காரணம் சொல்ல வீட்டில் எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். நாடு மாறியதால் மிரண்டு போயிருக்கிறான், குளிருக்குள் அடைபட்டுக் கிடக்கிறான், தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தார் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் ஒன்ராறியோவில் ஏறக்குறைய எல்லா உதவிக்கும் காத்திருப்போர் வரிசை உண்டு என்பதால், ஐயம் தீரட்டும் என்று பொறுத்திருப்பவர்கள் அந்த வரிசைகளின் கடைசியில் போய் நிற்க நேரிடுகிறது. எந்த உதவிக்கு எழுத்து மூலமான நோயறிதல் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைப் பிரித்து அறிந்துகொண்டால் இரண்டையும் ஒரே வேளையில் தொடங்கிவிடலாம்.

முதலில், பிள்ளை பிறரோடு பழகும் விதமும் தொடர்பாடும் விதமும் வேறுபட்டு வளரும் நிலையான ஓட்டிசத்தின் அறிகுறிகள். பேச்சுத் தாமதத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. பேசாத பிள்ளை பேச்சுக்குப் பதிலாக என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வயதைக் கடந்த பிள்ளை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா, கையசைத்து "ரா ரா" காட்டுகிறதா, நிலாவையோ நாயையோ விரலால் சுட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பவை முக்கியமான கேள்விகள். தனக்கு வேண்டியதை எடுக்க உங்கள் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதும், ஒரு பொருளைக் காட்டி மகிழ்ச்சியைப் பகிர்வதும் ஒன்றல்ல. பதினெட்டு மாதமாகியும் எதையும் சுட்டிக் காட்டாமை, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சில்லை மட்டும் நெடுநேரம் சுழற்றுதல், கைகளைப் படபடவென்று அடித்தல், வழமையான பாதை மாறினால் ஆறுதல்படுத்த முடியாத அளவுக்கு அழுதல், மிக்சியின் ஒலிக்குக் காதைப் பொத்திக்கொள்ளுதல், கேட்ட காணொளி வசனத்தை அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லுதல் முதலியவற்றில் பல ஒன்றாகத் தென்பட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். சொல்லிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் சந்திப்புக் கேளுங்கள். பெண்பிள்ளைகளில் இவை மெல்லியதாகத் தெரிவதால் "கூச்ச சுபாவம்" என்று கடந்துபோகிறோம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால் ஓட்டிசம் வருவதில்லை. ஆங்கிலத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று யாராவது அறிவுரை சொன்னால், அவர் ஆசிரியராகவே இருந்தாலும், ஏற்க வேண்டியதில்லை. இருமொழிச் சூழல் ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தனக்கே சரளமில்லாத மொழியில் தாய் குறைவாகப் பேசுவதில்தான் இழப்பு இருக்கிறது. தடுப்பூசியும் காரணமல்ல; அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டின் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் விலக்கிக்கொண்டது.

ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர்கள் பதினெட்டாம் மாதத்தில் ஒரு விரிவான வளர்ச்சிப் பரிசோதனை செய்வது வழக்கம். அந்த வயதைத் தாண்டிய பிறகு வந்த பிள்ளைக்கு அது தானாக நடக்காது என்பதால் நீங்களே கேட்க வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு எம்-சாட் என்னும் இருபது கேள்விகள் கொண்ட படிவம் பயன்படுகிறது. அது நோயறிதல் அல்ல, அடுத்த படிக்கு அனுப்ப வேண்டுமா என்று காட்டும் சல்லடை மட்டுமே. பிறந்த இடத்தில் கேட்டல் பரிசோதனை நடக்காதிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டைக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020இல் நீக்கப்பட்டுவிட்டது. குடும்ப வைத்தியர் கிடைக்காதவர்கள் சமூக நல மையங்களை நாடலாம். அங்கு அட்டை இல்லாதவர்களையும் பார்ப்பார்கள். அருகில் எது உண்டு என்பதை 211 எண்ணில் கேட்டறியலாம். உடல்நலக் கேள்விகளுக்கு 811 இருக்கிறது.

நோயறிதல் தேவையில்லாத உதவிகளில் முதன்மையானது, பள்ளி செல்லுமுன் வயதினருக்கான அரசின் பேச்சு மொழிச் சேவை. இது இலவசம், வைத்தியரின் கடிதமின்றிப் பெற்றோரே பதிவு செய்யலாம். ஐயம் வந்த வாரத்திலேயே பதிந்துவிடுங்கள். பெற்றோரும் சிறுபிள்ளைகளும் சேர்ந்து போய் விளையாடும் ஏர்லி ஓன் நிலையங்களும் ஆறு வயது வரை இலவசமே; அங்கு பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறது என்பதை அனுபவமுள்ள ஒருவர் பார்த்துச் சொல்வது, வீட்டில் நாமே எண்ணிக் குழம்புவதை விடப் பயன் தரும்.

நோயறிதலைக் குடும்ப வைத்தியர், சிறுவர் நல மருத்துவர், உளவியலாளர், தகுதிபெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்பயிற்சி பெற்ற தாதி) ஆகியோர் எழுதித் தரலாம். சிக்கலான நிலைகளுக்கென மாகாணத்தில் நோயறி மையங்கள் உள்ளன, ரொறன்ரோவில் ஹோலண்ட் புளூர்வியூ மருத்துவமனை அவற்றில் ஒன்று. தனியார் உளவியலாளரிடம் போனால் விரைவாக முடியும், ஆனால் கட்டணத்தை ஓஹிப் ஏற்காது. கடிதம் கையில் கிடைத்தவுடன் அக்சஸ் ஓ.ஏ.பி என்னும் பதிவு அமைப்பின் ஊடாக ஒன்ராறியோ ஓட்டிசம் திட்டத்தில் பதியுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டு ஒன்ராறியோவில் வசிக்கும் பிள்ளைக்கு இது உரியது, குடியுரிமை கேட்கப்படுவதில்லை. முதன்மைச் சிகிச்சைக்கான நிதிக்குப் பதிவு நாளின் வரிசையில்தான் அழைப்பார்கள், அந்த வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆனால் 12 முதல் 48 மாதம் வரையான பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி தரும் திட்டம், முதன்முறை பள்ளி தொடங்கும் பிள்ளைகளுக்கான திட்டம் ஆகியவற்றுக்கு அந்த நிதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் குளிக்கும் நேரத்திலும் பிள்ளையோடு எப்படி ஊடாடுவது என்று கற்றுத்தரும் முதல் திட்டமே சிறு வயதில் மிகப் பயனுள்ளது என்பது என் கருத்து. இதற்கிடையில் ஓட்டிசத்தை முற்றாகக் குணமாக்குவோம் என்று மருந்தோ மாவோ விற்பவர்களுக்குச் செலவழிக்காதீர்கள். அப்படியொரு மருந்து இல்லை.

இனி, பலர் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி: பதிந்தால் நிரந்தர வதிவிடம் மறுக்கப்படுமா? அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும், துணைவரால் பொறுப்பேற்கப்பட்டு வருபவர்களுக்கும் அரசுக்கு மிகையான மருத்துவச் செலவு வரும் என்று சொல்லி விண்ணப்பத்தை மறுக்கும் தடை பொருந்தாது. மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் 2018இல் செலவு வரம்பு மூன்று மடங்காக உயர்த்தப்பட்டு, விசேட கல்வி அந்தக் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது. வழக்குச் சிக்கலாக இருந்தால் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பயத்தால் பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள்.

பண உதவியில், மத்திய அரசின் மாற்றுத்திறன் வரிச் சலுகைக்கான டி2201 படிவத்தை மருத்துவர் நிரப்பி ஏற்கப்பட்டால், குழந்தை நலக் கொடுப்பனவோடு மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கான தொகையும் சேரும். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கும் முகவர் இதற்குத் தேவையில்லை.

நான்கு வயதாகும் ஆண்டின் செப்டெம்பரில் பள்ளியின் முதல் பாலர் வகுப்பான ஜூனியர் கின்டர்கார்டன் தொடங்கும். முந்தைய குளிர்காலத்திலேயே அதிபரைச் சந்தித்துப் பிள்ளையின் தேவைகளை எழுத்தில் கொடுங்கள். தனிப்பட்ட கல்வித் திட்டம் எனப்படும் ஐ.ஈ.பி வகுக்க நோயறிதல் கட்டாயமில்லை. அதில் உங்கள் கையொப்பம், உங்களைக் கலந்தாலோசித்தார்கள் என்பதைத்தான் குறிக்கும். உடன்படாத இடங்களை அதே தாளில் எழுதலாம், கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கேட்கலாம்.