விபத்துப் பதிவேட்டில் முதல் வரி

பதினேழு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையில் நேரக்கணக்கு எழுதினேன். விபத்துப் பதிவேடும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஒருநாள் ஆள்காட்டி விரல் இயந்திரத்தில் நசுங்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்த இளைஞன், “கொஞ்சம் அசந்துவிட்டேன், அக்கா” என்றான். பக்கத்தில் நின்ற மேலாளர், “அப்படியே எழுதுங்கள்” என்றார். “தொழிலாளியின் கவனக்குறைவு” என்று எழுதினேன். தடுப்புக் கம்பி ஒரு வாரமாகக் கழன்று கிடந்ததை எழுதவில்லை. அந்த ஒரு வரியைக் காட்டியே இழப்பீட்டுக்காக எட்டு மாதம் அவனை அலையவிட்டார்கள்.

ஆகவே, அடிபட்டால் முதலில் சிகிச்சைக்குப் போங்கள்; பதிவேடு எங்கும் ஓடிவிடாது. ஆனால் மருத்துவரிடம் வாய் திறக்கும்போதே, வேலையில் அடிபட்டது என்று சொல்லிவிடுங்கள். எந்த இயந்திரம், எத்தனை மணி, என்ன வேலை என்பதெல்லாம் முதல் சீட்டிலேயே ஏற வேண்டும். “கீழே விழுந்துவிட்டேன்” என்று மட்டும் சொன்னால், வீட்டுப் படியில் வழுக்கியவருக்கும் உங்களுக்கும் அந்தச் சீட்டில் வேறுபாடு இருக்காது.

பிறகு நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதன் நகல் ஒன்றில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தெரிவிக்கும் கெடு நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் நாள் கணக்குதான். இடத்தை யாரையாவது உடனே படம் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் மறுநாள் காலைக்குள் தடுப்புக் கம்பி மாட்டப்பட்டிருந்தது.

“தவறு உன்னுடையது” என்று மிரட்டினால் கலங்காதீர்கள். ஜெர்மனியில் 1884-இல் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் முதலே வேலை விபத்து இழப்பீட்டின் அடிப்படை வேறு: முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்ததா என்பதே கேள்வி. அசந்துபோனது உரிமையைப் பறிக்காது. குடிபோதையும், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியதும் வேறு கதை. அதனால்தான் அந்த இளைஞனுடைய “அசந்துவிட்டேன்” என்ற சொல்லை “வேண்டுமென்றே” என்று திரிக்கப் பார்த்தார்கள். நடந்ததைச் சொல்லுங்கள், உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

கிடைக்க வேண்டியவை பெரும்பாலும் இவை: மருத்துவச் செலவு, வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் ஒரு பங்கு, நிரந்தர ஊனத்துக்கு இழப்பீடு, உயிர் போனால் குடும்பத்துக்குத் தொகை. முழு ஊதியம் வருவது அரிது. முதல் மூன்று நாட்களைக் கழித்துவிடும் சட்டங்களும் உண்டு. ஊனத்தைச் சதவீதத்தில் அளப்பார்கள். இந்தியச் சட்ட அட்டவணையில் கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரலுக்கு 14. விரலுக்கு விலை எழுதுவதா என்று எனக்கு அருவருப்பாக இருந்ததுண்டு. ஆனால் அட்டவணை இல்லாவிட்டால் அந்த விலையை மேலாளர் எழுதுவார்.

வெளிநாட்டவர் என்பதாலேயே உரிமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். விபத்து இழப்பீட்டில் சமமாக நடத்த வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1925-இலேயே வந்தது. நீங்கள் வேலை செய்யும் நாடும் உங்கள் நாடும் அதை ஏற்றிருக்கின்றனவா என்று பாருங்கள்.

காயம் இனி இதற்கு மேல் ஆறாது என்று மருத்துவர் சொல்லும்வரை, “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத்தாளில் எப்போதுமே வேண்டாம். மூன்று மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்றால் அந்தத் தாள்தான் எதிரே நிற்கும்.

சாட்சிகளின் பெயரோடு பழுதுபார்ப்புச் சீட்டுகளையும் கேளுங்கள். தடுப்புக் கம்பி வேண்டும் என்று விபத்துக்கு இரண்டு நாள் முன்பு பராமரிப்புப் பிரிவுக்குப் போன சீட்டின் கார்பன் படி ஒன்று இருந்தது. அந்த இளைஞனின் வழக்கைத் திருப்பியது அதுதான். அதைத் தேடி எடுத்து அவனிடம் சேர்த்தது யார் என்று மேலாளருக்குக் கடைசிவரை தெரியாது.